மேடையில் பேஸ் கிட்டார்: சிறிய பலகையும் சரியான எர்த்தும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவிழாக் காலம் வந்தால் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒலிபெருக்கிச் சத்தத்தைப் பற்றிய குறைகள் தவறாமல் வருகின்றன. வீட்டு ஜன்னல் அதிர்கிறது, வயிற்றுக்குள் 'தம் தம்' என்று இடிக்கிறது, பாட்டின் சொல் ஒன்றுகூடப் புரியவில்லை என்று எழுதுகிறார்கள். அவர்கள் சொல்வது முழுக்க நியாயம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. அரசு தனியாக அனுமதிக்கும் நாள்களில், அதுவும் ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல், நள்ளிரவு வரை போகலாம். இதை மதிக்காத கச்சேரிக்கு நான் பரிந்து பேச வரவில்லை. ஆனால் அந்த 'தம் தம்' ஓசைக்கான பழி, கீழ்ச்சுருதியில் ஒலிக்கும் பேஸ் கிட்டார் மேல் விழுவதை என்னால் ஏற்க முடியாது.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் நடக்கும் மெல்லிசைக் கச்சேரிகளில் பேஸ் வாசிப்பவள் நான். காவேரிப்பட்டணத்தில் அப்பா தொடங்கிய ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்க்கும் கடையையும் இப்போது நான்தான் நடத்துகிறேன். ஒலி எங்கே கெடுகிறது என்பதை மேடையில் நின்றும் பார்க்கிறேன், மூடியைக் கழற்றிய பெட்டிக்குள்ளும் பார்க்கிறேன். அந்த அனுபவத்தில் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தி நொடிக்கு 41 முறை, அதாவது 41 ஹெர்ட்ஸில், அதிர்கிறது. அந்த ஒலியின் அலைநீளம் 8 மீட்டருக்கும் மேல். எங்கள் ஊர்த் தெருக்கள் பலவற்றின் அகலம்கூட அவ்வளவு இராது. சுவரோ கதவோ அதைத் தடுத்து நிறுத்துவதில்லை. கச்சேரியில் பேஸ் தெளிவாகக் கேட்கவில்லை என்றால், மைக்செட்காரர் உடனே மிக்ஸரில் கீழ்ச்சுருதிக் குமிழைத் திருகி ஏற்றிவிடுகிறார். 50 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி வீங்கிப்போகிறது. டிரம்ஸ் செட்டின் கிக் டிரம்மும் அதே இடத்தில்தான் இருக்கிறது. இரண்டும் கலந்து எது தந்தி, எது தோல் என்று தெரியாமல் போகிறது. சத்தம் கூடிவிட்டது, பேஸ் இன்னும் கேட்கவில்லை. மறுபடி ஏற்றுகிறார்கள். உங்கள் வாசகர்களின் ஜன்னல் அதிர்வது இதனால்தான்.

உண்மையில் எந்த ஸ்வரம் ஒலிக்கிறது என்பதைக் காது அந்த 41 ஹெர்ட்ஸை மட்டும் வைத்து முடிவுசெய்வதில்லை. அதன் மேல் 82, 123, 164 என்று அடுக்கடுக்காக எழும் மேலொலிகளையும் வைத்துத்தான் முடிவுசெய்கிறது. அடியொலி ஸ்பீக்கரில் வராவிட்டாலும், மேலொலிகள் ஒழுங்காக வந்தால் மூளை அடியொலியைத் தானே நிரப்பிக்கொள்ளும். உள்ளங்கையளவு டிரான்சிஸ்டர் ரேடியோவில் அந்த நாளில் பேஸைப் பின்தொடர முடிந்தது இப்படித்தான். ஆகவே மேடையிலிருந்து மேலொலிகள் தெளிவாக, ஏற்ற இறக்கம் அடங்கிய ஒலியாகப் போனால், மிக்ஸரில் கீழ்ச்சுருதியை வீங்க வைக்க வேண்டிய தேவையே வராது. மொத்தச் சத்தத்தையும் குறைக்கலாம். அந்த வேலையைக் கலைஞரின் காலடியில் இருக்கும் ஒரு சிறிய பெடல் பலகை செய்துவிடும். பெடல் என்பது கிட்டாருக்கும் மிக்ஸருக்கும் நடுவே செருகி, காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டி.

நம் மக்களுக்கு பேஸ் புரியாது என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. 1976 முதல் இளையராஜாவின் பாடல்களைக் கேட்டு வளர்ந்த ஊர்கள் இவை. அவருடைய பாடல்களில் பேஸ் வெறும் தாளத்துக்குத் துணை நிற்பதில்லை; பாடகரின் மெட்டுக்குக் கீழே இன்னொரு மெட்டாக நடக்கிறது. ஏ.ஆர். ரகுமானுடன் கீத் பீட்டர்ஸும், பின்னர் மோகினி டேயும் வாசித்ததைக் கேட்டுவிட்டு இந்தக் கருவியைத் தேடி வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். மாரியம்மன் கோயில் திடலில் பழைய பாட்டு ஒன்றைத் தொடங்கும்போது, பேஸ் நுழைகிற இடத்தில் முன்வரிசைப் பெரியவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். அவர்களுக்கு அந்த மெட்டு விரல் நுனிவரை தெரியும். அது குழம்பிக் கேட்டால் முதலில் முகம் சுளிப்பவர்களும் அவர்கள்தான்.

இந்தப் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பர்கூர், போச்சம்பள்ளி, பாலக்கோடு பக்கத்திலிருந்து கடைக்கு வருகிறார்கள். கைப்பேசியில் வெளிநாட்டுக் கலைஞர்களின் பெடல்போர்டுப் படங்கள். ஒரு பலகையில் பன்னிரண்டு, பதினைந்து பெடல்கள். 'அக்கா, இதில் முதலில் எதை வாங்கலாம்?' என்று கேட்கிறார்கள். மாம்பழக்கூழ் ஆலையில் பருவ வேலை பார்த்துச் சேர்த்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். அந்தப் பணம் வீணாகக் கூடாது என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு. மூன்று பெடல் போதும் என்பதுதான் என் பதில். அந்த மூன்றுக்கும் முன்னால் வாங்க வேண்டியது ஒரு நல்ல பவர் சப்ளை.

பலகையின் அளவிலிருந்து தொடங்குகிறேன். 36 செ.மீ. நீளம், 14 செ.மீ. அகலம் போதும். பள்ளிப் பையில் நுழையும். டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளலாம், லக்கேஜ் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. தோளில் ஏறத்தாழ 4 கிலோ எடையுள்ள கிட்டார் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கும்போது இது சிறிய வசதி அல்ல. 12 மி.மீ. ஒட்டுப்பலகை எந்த மரக்கடையிலும் கிடைக்கும். பின்பக்கம் 5 செ.மீ. உயரத்துக்குக் கட்டை கொடுத்துச் சாய்வாக்கினால், பவர் சப்ளை அடியில் ஒளிந்துகொள்ளும். நடுவில் ஒயர் இறங்க ஒரு நீளத் துளை வெட்டச் சொல்லுங்கள். பலகையின் மேல் வெல்க்ரோவின் மென்மையான பக்கம், பெடலின் அடியில் சொரசொரப்பான பக்கம். வெல்க்ரோ ஒட்டுவதற்கு முன் பெடலின் அடியிலுள்ள ரப்பரை எடுத்துவிட்டு, ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும்; இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் பசை இளகி எல்லாம் கழன்று வரும்.

இடத்தைத் தின்பது பெடல்களைவிட அவற்றுக்கு இடையே செருகும் ஜாக்குகள். வார்ப்பு பிளாஸ்டிக் தலை கொண்ட மலிவான பேட்ச் கேபிள்களுக்கு இரண்டு பெடல்களுக்கு நடுவே நான்கு விரல் இடைவெளி தேவைப்படும். தட்டையான தலை கொண்டவை பாதி இடத்தில் அடங்கும். சால்டரிங் தெரிந்தவர்கள் தாங்களே அளவெடுத்துச் செய்துகொள்வது நல்லது. பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ சென்னை ரிச்சி தெருவிலோ நல்ல ஜாக்கும், ஷீல்டு என்ற உலோக வலை உறை கொண்ட கேபிளும் தனித்தனியாகக் கிடைக்கின்றன. ஓசூர் வழியாக பெங்களூரு போய்வருவது எங்களுக்கு எளிது.

இனி பவர் சப்ளை. பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்குபவை; பிளக்கின் நடுமுனை நெகட்டிவ். வீட்டிலிருக்கும் மற்ற அடாப்டர்கள் பலவற்றில் நடுமுனை பாசிட்டிவ். மாற்றிச் செருகினால் பெடல் எரிந்துபோகலாம். என் மேசைக்குப் பழுதாக வரும் பெடல்களில் பெரும்பாலானவை இப்படி வந்தவை. எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்பதைப் பெடலின் அடியில் மில்லி ஆம்பியரில் அச்சிட்டிருப்பார்கள். அனலாக் பெடல் பெரும்பாலும் 20-க்குள் நின்றுவிடும். டிஜிட்டல் பெடல்களில் பல 100-ஐத் தாண்டும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, அதற்கு மேல் பாதியாவது கூடுதலாகத் தரக்கூடியதை வாங்குங்கள். முக்கியமாக, ஒவ்வொரு வழியும் தனித்தனிச் சுற்றாக இருக்கும் ஐசொலேட்டட் வகையாக இருக்க வேண்டும். ஒரே அடாப்டரிலிருந்து வரிசையாகப் பிரியும் ஒயரில் டிஜிட்டல் பெடலும், ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடலும் சேர்ந்து இருந்தால், 'கீ' என்ற மெல்லிய ஊளை பாட்டு முழுக்க வந்துகொண்டேயிருக்கும். நல்ல பவர் சப்ளைக்கு ஒரு பெடலின் விலை ஆகும். பிள்ளைகள் தயங்குவது இங்கேதான். காலால் மிதிக்க முடியாத, எந்த ஓசையும் எழுப்பாத ஒன்றுக்கு அவ்வளவு பணமா என்கிறார்கள். ஆம், அவ்வளவு பணம் கொடுக்கத்தான் வேண்டும்.

மூன்று பெடல்களில் முதலாவது, தந்தியின் சுருதியைச் சரிபார்க்கும் டியூனர். கிட்டாரிலிருந்து வரும் ஒயர் நேராக இதில்தான் நுழைய வேண்டும், கலப்படமில்லாத ஒலியை அது படிக்க வேண்டும் என்பதற்காக. டியூனரை மிதித்தால் ஒலி அடங்கிவிடும். பாடல்களுக்கு நடுவே கிட்டாரைக் கழற்றி மாட்டும்போது ஸ்பீக்கரில் 'டம்' என்று வெடிக்காமல் இருப்பதும் இதனால்தான். மாலைக் காற்றிலும் விளக்குச் சூட்டிலும் தந்தியின் சுருதி மாறுவது திறந்தவெளி மேடையில் தவிர்க்க முடியாதது. ஆகவே டியூனர் இல்லாத பலகையைப் பலகையாகவே நான் மதிப்பதில்லை.

இரண்டாவது கம்ப்ரசர். விரலால் மெதுவாக இழுத்த ஸ்வரமும் கட்டைவிரலால் தட்டிய ஸ்வரமும் மிக்ஸருக்குப் போகும்போது வானத்துக்கும் பூமிக்குமாக இருக்கும். குறித்த எல்லையைத் தாண்டும் ஒலியை கம்ப்ரசர் அடக்குகிறது. 4:1 என்று வைத்தால், எல்லைக்கு மேல் 4 டெசிபல் உயர வேண்டியது 1 டெசிபல்தான் உயரும். எவ்வளவு விரைவில் அடக்கத் தொடங்க வேண்டும் என்பதை வைக்கும் அட்டாக் குமிழை வேகமாக வைக்காதீர்கள். விரல் தந்தியைத் தொடும் அந்த முதல் நொடித்துளி அடங்காமல் வெளியே வந்தால்தான் தாளம் தெளிவாகக் கேட்கும். மென்மையான பாட்டுக்கும் குத்துப்பாட்டுக்கும் நடுவே மைக்செட்காரர் குமிழைத் திருகிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பேஸ் தன் அளவிலேயே நிற்கும்.

மூன்றாவதுதான் பலகையின் உயிர்: மெல்லிய ஓவர்டிரைவும், மிக்ஸருக்கு நேராக ஒலியை அனுப்பும் டி.ஐ. வெளியீடும் சேர்ந்த பேஸ் பிரீஆம்ப், அதாவது ஒலியை வலுவாக்கிச் சீர்செய்யும் பெட்டி. டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் 1990-களில் வந்தபிறகு இந்த வகை உலகமெங்கும் பரவியது. இன்று பல விலைகளில் பல நிறுவனங்கள் செய்கின்றன. ஓவர்டிரைவ் என்றவுடன் ராக் இசையின் கரகரப்பை நினைக்க வேண்டாம். கேட்பவருக்குத் தெரியாத அளவுக்கு ஒரு துளி சேர்த்தால், நான் முன்னே சொன்ன மேலொலிகள் வலுப்பெறுகின்றன. சிறிய ஸ்பீக்கரிலும் ஸ்வரம் புலப்படுகிறது. ஆனால் லீட் கிட்டாருக்காகச் செய்த ஓவர்டிரைவை வாங்கினால் அது அடியொலியைச் சீவி எறிந்துவிடும். தூய ஒலியையும் ஓவர்டிரைவ் ஒலியையும் கலக்கும் பிளெண்ட் குமிழ் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பிரீஆம்பில் 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை சற்றுக் குறைத்து, 800 பக்கம் சற்று உயர்த்திப் பாருங்கள். தனியாக வாசிக்கும்போது கொஞ்சம் கரடுமுரடாகத் தோன்றும். கீபோர்டும் தபேலாவும் சேர்ந்தவுடன் சரியாகப் பொருந்திக்கொள்ளும். வீட்டில் தனியாக இனிமையாகக் கேட்கும் ஒலி மேடையில் காணாமல் போவதும் இதனால்தான்.

ஆக்டேவ் பெடலைப் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. வாசிக்கும் ஸ்வரத்துக்கு ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி, அதாவது பாதி அதிர்வெண்) கீழே இன்னொரு ஒலியைச் சேர்ப்பது அதன் வேலை. அடித்தந்தியின் 41 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் 20 ஹெர்ட்ஸ்; மனிதக் காது கேட்கும் எல்லையே அதுதான். கோயில் திடலில் நிற்கும் ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது, வீணாகத் தவிக்கும். கோரஸ், ஃபில்டர் போன்ற மற்றப் பெடல்களை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டி.ஐ. எதற்கு என்று மைக்செட் தொழிலாளர்களே சிலர் கேட்கிறார்கள். கிட்டாரின் சிக்னல் மெல்லியது. 5, 6 மீட்டருக்கு மேல் சாதாரண ஒயரில் போனால் அதன் மேலொலிகள் தேய ஆரம்பிக்கும், வழியிலுள்ள இரைச்சல் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். டி.ஐ. அதை இரண்டு கம்பிகளில் ஒன்றுக்கொன்று எதிராக அனுப்புகிறது. மிக்ஸர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். வழியில் ஒட்டிய இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் கழிந்துவிடும். 30 மீட்டர் தள்ளி, கூட்டத்துக்குப் பின்னால் மிக்ஸர் இருந்தாலும் கவலையில்லை. தயவுசெய்து பேஸ் கலைஞருக்கு மிக்ஸரில் ஒரு மைக் வழியும், மைக்குக்குப் போடும் எக்ஸ்.எல்.ஆர். கேபிள் ஒன்றும் ஒதுக்குங்கள். அதற்கு மேல் எதுவும் நாங்கள் கேட்கவில்லை.

இவ்வளவு செய்தும் 'ஊ' என்ற இரைச்சல் வருகிறதென்றால் அது மின்சாரத்திலிருந்து வருகிறது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸின் அடித்தந்தியில் மூன்றாவது கட்டத்தில் விரல் வைத்தால் ஒலிக்கும் ஜி ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ். அதாவது இரைச்சல் பேஸ் குடியிருக்கும் இடத்திலேயே, அந்த ஸ்வரத்தோடு சற்றே சுருதி பிசகி உட்கார்ந்திருக்கிறது. மற்ற கருவிகளுக்கு இரைச்சலைக் கீழே வெட்டி எறியலாம். பேஸுக்கு அப்படி வெட்டினால் ஸ்வரமும் போய்விடும். ஆகவே மூலத்திலேயே சரிசெய்ய வேண்டும். கோபுரத்துக்கும் பந்தலுக்கும் போடும் சீரியல் விளக்குகளின் கன்ட்ரோலரும் மேடையின் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பிளக்கில் தொங்குவதை எத்தனையோ ஊர்களில் பார்க்கிறேன். விளக்கு அணைந்து எரியும்போதெல்லாம் ஸ்பீக்கரில் 'டர்' என்று வரும். விளக்குக்கு ஒரு லைன், ஒலிக்கு ஒரு லைன். இதற்குச் செலவாவது சில மீட்டர் ஒயர்தான்.

இப்போது நான் மிகவும் வருந்தும் விஷயத்துக்கு வருகிறேன். இரைச்சலை நிறுத்துவதற்காக மூன்று முனை பிளக்கில் எர்த் முனையைக் கழற்றிவிடும் பழக்கம் மேடைகளில் இருக்கிறது. இரைச்சல் நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் பேஸ் கிட்டாரின் தந்திகள், அவற்றைத் தாங்கும் உலோகப் பாலம் வழியாகக் கேபிளின் ஷீல்டோடும், அங்கிருந்து ஆம்ப்ளிஃபையரின் உலோகக் கூட்டோடும் இணைந்தவை. அந்தக் கூட்டில் மின்கசிவு ஏற்பட்டு, எர்த்தும் இல்லை என்றால், அது போக வழிதேடி நிற்கும். என் விரல் தந்தியில் இருக்கிறது. கோரஸ் பாடுவதற்காக உதடு மைக்கில் படுகிறது. மைக்கின் உடல் வேறொரு லைனில் எர்த் ஆகியிருக்கிறது. கசிவு பாயும் வழி என் உடம்புதான். 'சுரீர்' என்று உதட்டில் அடிப்பதைச் சிரித்துக்கொண்டே சொல்லும் பாடகிகளைப் பார்த்திருக்கிறேன். மழை பெய்த மேடையில் வெறுங்காலோடு நிற்கும் பாடகிகள். மனித உயிரைக் காக்கவென்று செய்யப்படும் ஆர்.சி.சி.பி. என்ற மின்கசிவுத் தடுப்பு சுவிட்ச், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும்படி அமைக்கப்படுகிறது. என் காலடியிலுள்ள டியூனர் பெடலை இயக்கும் மின்னோட்டமே ஏறத்தாழ அவ்வளவுதான். உயிரைப் பறிக்க எவ்வளவு சிறிய அளவு போதும் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

எர்த் முனையை யாரும் தொட வேண்டாம். நல்ல டி.ஐ. அல்லது பிரீஆம்பில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்று ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். அது மிக்ஸருக்குப் போகும் கேபிளின் ஷீல்டை மட்டும் பிரிக்கிறது. மின்சாரத்தின் எர்த்தில் கைவைப்பதில்லை. இரைச்சலுக்கு அதுவே முறையான மருந்து. அந்தச் சுவிட்ச் இல்லாத பெட்டியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

விழாக் குழுவினரிடம் என் வேண்டுகோள்: மேடையிலுள்ள கருவிகள், மிக்ஸர், ஆம்ப்ளிஃபையர் அனைத்துக்கும் ஒரே இடத்திலிருந்து, ஒரே எர்த்தோடு மின்சாரம் கொடுங்கள். அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை மாட்டுங்கள். ஜெனரேட்டர் வைப்பதானால், அதன் நியூட்ரலை எர்த்தோடு சேர்த்து, ஈர மண்ணில் எர்த் கம்பி இறக்கியிருந்தால்தான் அந்த ஆர்.சி.சி.பி. வேலை செய்யும். இதை வாடகைக்கு வரும் வண்டியின் ஓட்டுநரிடம் விடாமல், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு செய்ய வேண்டும். பந்தலுக்கும் பட்டாசுக்கும் செலவிடும் ஊர்களுக்கு இது பெரிய தொகையே அல்ல.

ஆசிரியர் அவர்களே, கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியின் கலைநிகழ்ச்சிகளும், ஆடி மாத அம்மன் விழாக்களும், ஒகேனக்கல் ஆடிப்பெருக்கும் அடுத்தடுத்து வருகின்றன. அவை தொடங்குவதற்கு முன், மின் ஆய்வுத்துறை அதிகாரி ஒருவரைக் கேட்டு, தற்காலிக மேடைக்கு எர்த் கொடுப்பது எப்படி என்பதைப் படத்தோடு உங்கள் மாவட்டப் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன். அந்தப் பக்கத்தை வெட்டி, எங்கள் கடைக்கு வரும் ஒவ்வொரு மைக்செட்காரர் கையிலும் கொடுப்பது என் பொறுப்பு.

இப்படிக்கு,
மெல்லிசைக் குழு பேஸ் கிட்டார் கலைஞர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.